வால்மீன் பிரகாசமாக இருக்கும் நாளும் படம் வாய்க்கும் நாளும்

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். கையில் பழைய டிஎஸ்எல்ஆர் ஒன்று, அதோடு வந்த 18-55 லென்ஸ், தனியாக வாங்கிய 50 எம்எம் எஃப் 1.8, ஒரு ட்ரைபாட். 2024 அக்டோபரில் மாலை வானில் வந்த வால்மீனை, "இன்றுதான் உச்சப் பிரகாசம்" என்று செய்தியில் சொன்ன நாளில் மொட்டைமாடியிலிருந்து எடுத்துப் பார்த்திருக்கிறீர்கள். கிடைத்தது ஆரஞ்சு வானமும் அதில் ஒரு மங்கல் புள்ளியும். அதே வாரம் மற்றவர்கள் நீள வாலோடு படம் போட்டார்கள். அடுத்த முறை செட்டிங் என்ன வைப்பது, புது லென்ஸ் வாங்க வேண்டுமா என்பது உங்கள் கேள்வி.

செட்டிங் சொல்கிறேன். ஆனால் உங்கள் படம் கெட்டதற்கு செட்டிங் பெரிய காரணமாக எனக்குத் தோன்றவில்லை. நீங்கள் போன நாள்தான் காரணம். மாலை வால்மீன்களில் அநேகமாக எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்: அது மிகப் பிரகாசமாக இருக்கும் நாளும், படத்துக்கு நன்றாக வாய்க்கும் நாளும் ஒன்றாக இருப்பதில்லை. செய்தியில் வருவது முதல் நாள். நமக்கு வேண்டியது இரண்டாவது.

2024-இல் நடந்ததையே எடுத்துக்கொள்வோம். அந்த வால்மீனின் பெயர் சி/2023 ஏ3, ட்சுச்சின்ஷான்-அட்லஸ். சீனாவின் ஊதாமலை வானாய்வகமும் தென்னாப்பிரிக்காவில் உள்ள அட்லஸ் தொலைநோக்கியும் 2023 தொடக்கத்தில் அதைக் கண்டுபிடித்தன. 2024 செப்டம்பர் 27-ஆம் தேதி அது சூரியனுக்கு மிக அருகில், சுமார் 5.8 கோடி கிலோமீட்டரில் கடந்தது. அக்டோபர் 9-ஆம் தேதியை ஒட்டி ஏறக்குறைய நமக்கும் சூரியனுக்கும் நடுவே வந்தது. இருட்டறையில் சன்னல் வழியே வெயில் விழும்போது, வெளிச்சத்தை எதிர்கொண்டு நின்று பார்த்தால் தூசி மினுங்குமே, அதே போல வால்மீனின் தூசியும் அந்த நாட்களில் பல மடங்கு மினுங்கியது. சூரியனைக் கவனிக்கும் சோஹோ விண்கலத்தின் கேமராவில் அது கண்ணைப் பறித்தது. தரையில் இருந்த நமக்கு அதனால் ஒரு பயனும் இல்லை, ஏனென்றால் அது சூரியனுக்குப் பக்கத்திலேயே இருந்தது.

12-ஆம் தேதி பூமிக்கு மிக அருகில், சுமார் 7 கோடி கிலோமீட்டரில் வந்தது. மாலை வானில் எட்டிப் பார்த்ததும் அந்த வாக்கில்தான். எல்லோரும் மாடிக்கு ஓடினார்கள். அன்று சென்னையில் சூரியன் மறைந்தது மாலை 5.50 வாக்கில். வானம் முழுதாக இருட்ட சூரியன் அடிவானத்துக்குக் கீழே 18 டிகிரி போக வேண்டும். நம் ஊரில் சூரியன் கிட்டத்தட்ட செங்குத்தாக இறங்குவதால் அதற்கு 70 நிமிடம் போதும், அதாவது 7 மணி. அன்றைக்கு அந்த வால்மீன் மறைந்ததும் ஏறக்குறைய அதே நேரம்தான். வானம் இருட்டும்போது அது அடிவானத்தில் இல்லை. அது இருந்தபோது வானம் இருட்டவில்லை. போதாததற்கு, 5 டிகிரி உயரத்தில் இருக்கும் ஒரு பொருளின் ஒளி, நேர் தலைக்கு மேலே இருப்பதன் ஒளியைவிடச் சுமார் 10 மடங்கு காற்றைக் கடந்து வருகிறது. தூசி, புகை, ஈரம் எல்லாம் சேர்ந்து பெரும்பகுதியை விழுங்கிவிடும். அதனால்தான் உங்களுக்கு ஆரஞ்சு வானமும் புள்ளியும்.

இரண்டே நாள் தள்ளி 14-ஆம் தேதியைப் பாருங்கள். வால்மீன் கொஞ்சம் மங்கிவிட்டது. ஆனால் ஒவ்வொரு மாலையும் 4, 5 டிகிரி மேலே ஏறிக்கொண்டிருந்ததால், 6.35 மணி அளவில் மேற்கே சுமார் 15 டிகிரி உயரத்தில் நின்றது. இருட்டிய பிறகும் அரை மணி நேரத்துக்கு மேல் மறையவில்லை. 15 டிகிரியில் காற்றின் தடை 4 மடங்குக்குள் இறங்கிவிடுகிறது. அந்த இரண்டு நாளில் வால்மீன் இழந்த ஒளியைவிட, வானத்தின் இருட்டும் தெளிவும் திருப்பித் தந்தது அதிகம். அன்றைக்கு இன்னொன்றும் கிடைத்தது: வால்மீனின் சுற்றுப்பாதைத் தளத்தைப் பூமி கடந்ததால், தலைக்குக் கீழே சூரியனை நோக்கி ஊசிபோல ஓர் எதிர்வால் தெரிந்தது. 12-ஆம் தேதி எடுத்துவிட்டு "பார்த்தாச்சு" என்று கேமராவைப் பையில் வைத்தவர்கள் இதைத் தவறவிட்டார்கள்.

பழைய வால்மீன்களிலும் இதே கதைதான். 2007 ஜனவரியில் மெக்நாட் வால்மீன் பட்டப்பகலில் தெரியும் அளவுக்குப் பிரகாசமானது, ஆனால் விசிறி விரித்தாற்போன்ற அந்தப் புகழ்பெற்ற வால் படங்கள் ஒரு வாரம் கழித்துத் தென்கோளத்திலிருந்து எடுக்கப்பட்டவை. 2025 ஜனவரியில் சி/2024 ஜி3 அட்லஸ் 13-ஆம் தேதி சூரியனை உரசிக்கொண்டு போனது. அதன் தலை சிதைந்து மங்கத் தொடங்கிய பிறகுதான் தென்னமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் வாலைப் பிரமாதமாக எடுத்தார்கள். படத்தில் நாம் தேடுவது வாலை. தலை எவ்வளவு மின்னினாலும் கேமராவுக்கு அது ஒரு புள்ளி. மங்கலான வால் தெரிய இருட்டு வானம் வேண்டும்.

ரொம்பவும் தள்ளிப்போடவும் கூடாது. நிலவு, மழை இரண்டையும் கணக்கில் வைக்க வேண்டும். 2024-இல் அக்டோபர் 17 பௌர்ணமி. வால்மீன் நல்ல உயரத்துக்கு வந்த நாட்களில் கிழக்கே பெரிய நிலவும் இருந்தது. நிலவு இல்லாத மாலை வானம் 20-ஆம் தேதிக்குப் பிறகுதான் கிடைத்தது, அதற்குள் வால்மீன் 4-ஆம் ஒளித்தரத்தை நெருங்கி, வெறும் கண்ணுக்குச் சிரமமாகிவிட்டது. (ஒளித்தர எண் கூடக் கூட மங்கல்.) தமிழ்நாட்டுக்கு இன்னொரு சோதனை: 15-ஆம் தேதி வடகிழக்குப் பருவமழை தொடங்கி, சென்னையை நனைத்துத் தள்ளியது. ஆக, நம் பக்கத்தில் உருப்படியான மாலைகள் என்று பார்த்தால் விரல்விட்டு எண்ணலாம். நான் செய்வது இதுதான்: உச்சம் என்று சொல்லும் நாளிலிருந்து ஒரு வாரத்துக்கு மாலை நேரத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, மேகம் விலகும் எந்த நாளிலும் போய்விடுவது. மழை விட்ட மறுநாள் கிடைத்தால் விடாதீர்கள். தூசி எல்லாம் கழுவப்பட்டு, அடிவானம் வரைக்கும் தெளிவாக இருக்கும்.

அடுத்து இடம். மொட்டைமாடி வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். மேற்கே என்ன இருக்கிறது என்று பாருங்கள். சென்னைக்காரர்கள் பலர் கடற்கரைக்குப் போனால் வானம் திறந்திருக்கும் என்று நினைக்கிறார்கள். அங்கே திறந்திருப்பது கிழக்கு. மாலை வால்மீன் இருக்கும் மேற்கில் மொத்த நகர வெளிச்சமும் எரிந்துகொண்டிருக்கும். நகரத்தைவிட்டு மேற்கே வந்து, நகரம் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நிற்க வேண்டும். பெரிய ஏரி ஒன்றின் கிழக்குக் கரை மிக நல்ல இடம். எதிரே ஒரு கிலோமீட்டர் நீரும் அதன் மேல் திறந்த வானமும் கிடைக்கும், காற்று அடங்கினால் பிரதிபலிப்பும் கிடைக்கும்.

கோவை, தேனி, தென்காசிப் பக்கம் இருப்பவர்களுக்கு மேற்குத் தொடர்ச்சி மலையே தடை. 10 கிலோமீட்டர் தொலைவில் உங்களைவிட ஆயிரம் மீட்டர் உயர்ந்த மலை இருந்தால், அது கிட்டத்தட்ட 6 டிகிரி வானத்தை மறைக்கும். வால்மீன் அந்த 6 டிகிரியில் இருக்கும் நாட்கள் உங்களுக்கு இல்லை என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அல்லது மலைமேல் ஏறிவிடுங்கள். குமரி மாவட்டத்தில் முட்டம், குளச்சல் கரைகளிலும், இலங்கையில் மன்னார், புத்தளம் கரைகளிலும் மேற்கே கடல் இருக்கிறது. இருட்டு மட்டும் முக்கியம் என்றால் ஜவ்வாது மலை. இந்திய வானியல்-இயற்பியல் நிறுவனத்தின் வானாய்வகம் காவலூரில் இருப்பது சும்மா இல்லை. அதற்குப் பெயர் கொடுத்த வானியலாளர் வைணு பாப்பு, 1949-இல் ஹார்வர்டில் மாணவராக இருந்தபோது ஒரு புகைப்படத் தகட்டில்தான் தன் வால்மீனைக் கண்டுபிடித்தார்.

பகலிலேயே போய் இடம் பார்த்துவிடுங்கள். மின்கம்பி, தெருவிளக்கு, வயல்காட்டு எல்இடி பல்பு எல்லாம் மாலையில்தான் தன் குணத்தைக் காட்டும். செல்பேசியில் ஸ்டெல்லேரியம் மாதிரி ஒரு செயலியைப் போட்டு, வால்மீன் எந்தத் திசையில், எத்தனை மணிக்கு எத்தனை டிகிரியில் இருக்கும் என்று குறித்துக்கொள்ளுங்கள். புது வால்மீன் என்றால் பட்டியலை ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் தேடினாலும் கிடைக்காது. கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் சுமார் 10 டிகிரி. அளக்க அது போதும்.

இப்போது லென்ஸ். இங்கே ஒரு பழைய கதை சொல்லியாக வேண்டும். உலகில் முதன்முதலில் வால்மீனைப் படம் எடுத்தவர் வானியலாளர் இல்லை, வில்லியம் அஷர்வுட் என்ற ஆங்கிலேய ஸ்டுடியோக்காரர். 1858 செப்டம்பர் 27 அன்று சர்ரேயில், ஆட்களை உட்காரவைத்து எடுக்கும் எஃப் 2.4 லென்ஸை டொனாட்டி வால்மீன் பக்கம் திருப்பி 7 வினாடி திறந்து வைத்தார், வாலோடு பதிந்தது. மறுநாள் ஹார்வர்டில் ஜார்ஜ் பாண்ட் 15 அங்குலத் தொலைநோக்கியில் 6 நிமிடம் வைத்தார். தலையின் நடுப்பகுதி மட்டுமே விழுந்தது. அந்தத் தொலைநோக்கி எஃப் 15. (எஃப் எண் கூடக் கூட ஒளி குறைவு.) பரந்து கிடக்கும் மங்கலான பொருளுக்குத் தகட்டில் விழும் ஒளியின் அடர்த்திதான் கணக்கு. அதில் ஸ்டுடியோக்காரரின் லென்ஸ் கிட்டத்தட்ட 40 மடங்கு முன்னால் இருந்தது.

உங்கள் பையில் இருக்கும் இரண்டு லென்ஸுக்கும் இதே கணக்கைப் போடுங்கள். 18-55 லென்ஸை 55-க்குத் திருப்பினால் எஃப் 5.6. உங்கள் 50 எம்எம் எஃப் 1.8, அதைவிட 10 மடங்கு ஒளியைத் தருகிறது. முழுக்கத் திறந்தால் ஓரத்து நட்சத்திரங்கள் சிறகு முளைத்தாற்போல் இழுபடும், அதனால் எஃப் 2.2 அல்லது 2.5-இல் வையுங்கள். அப்போதும் 5, 6 மடங்கு லாபம். உங்கள் கேமராவில் 50 எம்எம் ஏறக்குறைய 26-க்கு 18 டிகிரி வானத்தை அடைக்கும். கேமராவை நெட்டுக்குத்தாகத் திருப்பினால், கீழே ஒரு துண்டு நிலமும் மேலே 15 டிகிரி வாலும் சரியாகப் பொருந்தும். மாலை வால்மீனுக்கு வால் எப்போதும் சூரியனுக்கு எதிர்ப்புறமாக, அதாவது மேல்நோக்கித்தான் இருக்கும் என்பதால் நெட்டுக்குத்துப் படம் இயல்பாகவே அமைந்துவிடும். 18-இல் எடுத்தால் வால்மீன் படத்தில் ஒரு கீறலாகத்தான் இருக்கும், ஊரும் மக்களும் முக்கியம் என்றால் மட்டும் அதை மாட்டுங்கள்.

ஷட்டர் எவ்வளவு நேரம் திறக்கலாம் என்பதைப் பூமியின் சுழற்சி முடிவு செய்கிறது. 50 எம்எம்மில் உங்கள் மாதிரி சென்சாரில் ஒரு வினாடிக்கு நட்சத்திரம் ஏறக்குறைய ஒரு பிக்சல் நகரும். 4 வினாடி வரை கண்ணுக்குத் தெரியாது, 6 வினாடியில் பெரிதாக்கிப் பார்த்தால் தெரியும், 10 வினாடியில் எல்லோருக்கும் தெரியும். 18 எம்எம்முக்கு 10, 12 வினாடி தாங்கும். 200 எம்எம் டெலி வைத்திருப்பவர்கள் ஒரு வினாடியைத் தாண்டக் கூடாது. "500-ஐ ஃபோக்கல் நீளத்தால் வகுக்கவும்" என்று ஒரு விதி சுற்றிக்கொண்டிருக்கிறது. அது ஃபிலிம் காலத்துத் தாராளம், இன்றைய சென்சாருக்கு 300 என்று வைத்து, உங்கள் கேமராவின் 1.5 கிராப்பையும் (சிறிய சென்சாருக்கான பெருக்கல் எண்) சேர்த்து வகுத்தால் சரியாக வரும்.

ஃபோக்கஸ் விஷயத்தில் கொஞ்சம் பொறுமை காட்டுங்கள், ஏனென்றால் வாலையே காணாமல் அடிப்பது பெரும்பாலும் இதுதான். ஆட்டோ ஃபோக்கஸை அணைத்துவிட்டு, லென்ஸில் ஸ்டெபிலைசர் இருந்தால் அதையும் அணையுங்கள். லைவ் வியூவில் ஒரு பிரகாசமான நட்சத்திரத்தை நடுவில் கொண்டுவந்து 10 மடங்கு பெரிதாக்குங்கள். 2024-இல் அதற்கு வசதியாக வலப்பக்கம் சுவாதியும் இடப்பக்கம் தாழ வெள்ளியும் இருந்தன. வளையத்தைச் சுற்றும்போது தட்டு மாதிரி இருந்த ஒளி சுருங்கும், சுருங்கிச் சின்னப் புள்ளியாகும், அதைத் தாண்டினால் மறுபடி ஊதும். சின்னதாகும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஓரத்தில் ஒரு நிறமும், தாண்டினதும் வேறு நிறமும் தெரியும். அந்த நிறம் மாறும் இடத்தில் நிறுத்துங்கள். நிறுத்தியதும் வளையத்தில் ஒரு துண்டு செல்லோடேப். வளையத்தைக் கடைசிவரை திருப்பிவிட்டால் "இன்ஃபினிட்டி" வந்துவிடும் என்று நம்ப வேண்டாம், பெரும்பாலான லென்ஸ்கள் அதைத் தாண்டியும் சுற்றும். சில புதிய கிட் லென்ஸ்களில் ஃபோக்கஸ் மோட்டாரால் நகர்வது. கேமரா தூங்கி எழுந்தால் இடம் மாறிவிடும். அப்படிப்பட்டதென்றால் ஸ்டாண்ட்பை நேரத்தை நீட்டி வையுங்கள்.

சரி, அந்த மாலையில் என்ன செய்வது? சூரியன் மறைவதற்கு அரை மணி முன்பே ட்ரைபாடை ஊன்றிவிடுங்கள். வெள்ளி மாலை வானில் இருந்தால் மறைந்து 25 நிமிடத்தில் தெளிவாகத் தெரியும், ஃபோக்கஸ் அப்போதே முடிந்துவிட வேண்டும். முதல் படங்களை எஃப் 2.2, ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு அளவு) 400, ஒரு வினாடி என்று தொடங்கலாம். வால்மீன் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அந்தத் திசையில் எடுத்துப் பாருங்கள், கேமரா கண்ணுக்கு முன்னால் பிடித்துவிடும். 40 நிமிடத்தில் ஐஎஸ்ஓ 1600, 3 வினாடி. 50 நிமிடம் ஆனபின் ஐஎஸ்ஓ 3200, 4 வினாடி. இவை தொடக்க எண்கள்தான், உங்கள் ஊர் வெளிச்சத்துக்கு ஏற்ப மாறும். ஒவ்வொரு சில நிமிடத்துக்கும் ஹிஸ்டோகிராமை (படத்தின் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடம்) பாருங்கள். அதன் மேடு இடமிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் இருந்தால் போதும். பாதியைத் தாண்டினால் வானம் வாலை விழுங்கத் தொடங்கிவிட்டது. பின்திரையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், இருட்டில் எல்லாப் படமும் அதில் பளிச்சென்றுதான் தெரியும். திரை வெளிச்சத்தையும் குறைத்து வையுங்கள்.

எல்லாம் ரா ஃபைலில் (கேமரா திருத்தாமல் சேமிக்கும் கோப்பு). கையால் பட்டனை அழுத்த வேண்டாம், 2 வினாடி டைமரோ ரிமோட்டோ போதும். வெள்ளைச் சமநிலையை ஆட்டோவில் விடாமல் வெயில் நிலையிலோ 4500 அளவிலோ நிறுத்திவிட்டால் படத்துக்குப் படம் நிறம் மாறாது.

இதில் பலர் செய்யும் காரியம், 40-ஆவது நிமிடத்தில் கண்ணுக்கு அழகாகத் தெரிந்ததும் பத்துப் படம் எடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவது. செந்நீல வானமும் தலைப்பகுதியும் அந்த நேரத்தில் நன்றாக வரும், உண்மைதான். வால் நீள்வது அதற்குப் பிந்திய அரை மணி நேரத்தில். வெறும் கண்ணுக்கு 5 டிகிரி தெரிகிற வால், படத்தில் 15 டிகிரி வரை போகும். வால்மீனின் தலை அடிவானத்தில் மறைந்த பிறகும்கூட வால் மேலே நின்றுகொண்டிருக்கும், அதையும் எடுங்கள்.

முன்னணியில் என்ன வைப்பது என்பது உங்கள் ரசனை. ஒரு கணக்கு மட்டும் சொல்கிறேன். 30 மீட்டர் கோபுரத்தை 500 மீட்டர் தள்ளி நின்று பார்த்தால் அது வானில் 3.4 டிகிரி. 10 டிகிரி வாலின் கீழே அது அளவாக அமையும். 50 மீட்டரில் நின்றால் கோபுரம் படத்தையே அடைத்துவிடும், வால்மீன் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆகவே தள்ளி நில்லுங்கள். தள்ளி நின்றால் ஃபோக்கஸும் பிரச்சினை இல்லை: எஃப் 2.8-இல் 50 எம்எம்முக்கு 45 மீட்டருக்கு அப்பால் எல்லாம் கூர்மையாக வரும். விளக்கு போட்ட கோபுரம் என்றால் எனக்கு அவ்வளவு இஷ்டம் இல்லை. வால்மீனுக்கு வேண்டிய 4 வினாடியில் அது வெள்ளைத் தகடாகிவிடும். ஒற்றைப் பனைமரம் தேவலாம்.

ஒரே படத்தோடு நிறுத்தாமல், கேமராவை அசைக்காமல் 16, 20 படங்களைத் தொடர்ச்சியாக எடுத்துவையுங்கள். 16 படங்களை மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் இரைச்சல் (படத்தில் தெரியும் பொடிப்புள்ளிகள்) நான்கில் ஒரு பங்காகும், மங்கலான வால் மேலே வரும். சீக்வேட்டர் என்ற இலவச மென்பொருள் வானத்தை மட்டும் நகர்த்தி அடுக்கி, நிலத்தை அப்படியே விட்டுவிடும். வால்மீன் நட்சத்திரங்களுக்கிடையே தானும் நகர்கிறது என்பதை இங்கே மறக்கக் கூடாது. 2024 அக்டோபர் நடுவில் அது நாளுக்குச் சுமார் 5 டிகிரி போனது. 50 எம்எம்மில் 10 நிமிடத்துக்கு 7, 8 பிக்சல். 2 நிமிடத்துக்குள் எடுத்த படங்களை அடுக்கினால் கவலையில்லை. 200 எம்எம்மில் அதே 10 நிமிடத்துக்கு 30 பிக்சல், அப்போது டீப்ஸ்கைஸ்டாக்கரில் வால்மீனுக்கென்று இருக்கும் முறையில் தலையைத் தனியே குறித்து அடுக்க வேண்டும்.

வானத்தின் நகர்வுக்கு ஈடாகக் கேமராவைத் திருப்பும் ட்ராக்கர் வாங்கலாமா என்று அடுத்து யாராவது கேட்பார்கள். மாலை வால்மீனுக்காக மட்டும் என்றால் நான் வேண்டாம் என்பேன். ட்ராக்கரைத் துருவ நட்சத்திரத்தை நோக்கிச் சரிசெய்ய வேண்டும். அது சென்னையில் 13 டிகிரி உயரத்தில், கன்னியாகுமரியில் 8 டிகிரியில் இருக்கும். பாதி நாள் புகைமூட்டத்திலோ தென்னந்தோப்புக்குப் பின்னாலோ போய்விடும். போதாததற்கு அது இருட்டின பிறகுதான் தெரியும். நமக்கு மொத்தம் இருப்பதே அரை மணி, முக்கால் மணி. அதில் இருபது நிமிடத்தை வடக்கே பார்த்துச் செலவழிப்பதற்கு 20 படங்களை அடுக்குவது மேல்.

செல்பேசி மட்டும் இருப்பவர்களும் ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை. 2024-இல் நல்ல செல்பேசிப் படங்கள் ஏராளமாக வந்தன. எதிலாவது சாய்த்தோ சின்ன ஸ்டாண்டிலோ அசையாமல் வைத்து, ப்ரோ முறையில் ஃபோக்கஸை மலைக் குறிக்கு நகர்த்தி, ஐஎஸ்ஓ 800 முதல் 1600, 4 முதல் 8 வினாடி. முதன்மை லென்ஸை மட்டும் பயன்படுத்துங்கள். ஜூம் செய்தால் சில செல்பேசிகள் இல்லாத விவரத்தைத் தாங்களே வரைந்து வைக்கும். டைமர் கட்டாயம்.

திருத்தும்போது கைகட்டி இருங்கள். அடிவானத்திலிருந்து மேலே போகப் போக மாறும் வெளிச்சத்தைச் சமன்செய்வதுதான் முதல் வேலை. அது முடிந்ததும் வாலுக்குப் பக்கத்தில் மட்டும் கான்ட்ராஸ்டை ஏற்றினால் போதும். இரைச்சல் நீக்கியை அழுத்திப் போட்டால் வாலின் மங்கல் ஓரத்தை முதலில் தின்றுவிடும். நிறத்திலும் ஒரு நிதானம் வேண்டும்: ட்சுச்சின்ஷான்-அட்லஸின் வால் தூசி வால், இளமஞ்சள் கலந்த வெள்ளை. அதை நீலமாக்கிப் போட்டவர்களின் படங்கள் ஒரு பார்வையிலேயே காட்டிக்கொடுத்துவிட்டன. 2025 அக்டோபரில் மாலை வானில் வந்த லெம்மன் வால்மீன் வேறு ரகம். கார்பன் வாயு ஒளிர்வதால் தலை பச்சை, மின்னூட்டம் பெற்ற வாயுவால் மெல்லிய நீல வால். அதற்கு 4-ஆம் ஒளித்தரம்தான் என்பதால் இருட்டான ஊரும் அடுக்கும் வேலையும் கட்டாயமாயின.

அடுத்தது எப்போது வரும் என்று நாள் குறித்துச் சொல்ல முடியாது. 2013-இல் ஐசானுக்கு "நூற்றாண்டின் வால்மீன்" என்று மேளம் கொட்டினார்கள், நவம்பர் 28 அன்று சூரியனைச் சுற்றும்போதே அது சிதறிப்போனது. 2024 ஜூலையில் ட்சுச்சின்ஷான்-அட்லஸ் உடைந்துவிடும் என்று வால்மீன் ஆய்வில் பழுத்த ஸ்டெனெக் செகனினாவே எழுதினார், அது உடையவில்லை. கணிப்புகளை விட்டுவிட்டு, பார்த்தவர்கள் பதிவு செய்யும் ஒளித்தரத்தைப் பாருங்கள். ஸ்லோவேனியாவிலிருந்து நடத்தப்படும் காப்ஸ் தரவுத்தளத்தில் அது நாள்தோறும் ஏறும். எண் 2-க்குக் கீழே இறங்கி, வால்மீன் மாலைப் பக்கம் வருகிறது என்றால் லீவுக்குச் சொல்லிவிடலாம்.

லென்ஸ் கேள்விக்கு: வாங்க வேண்டாம், 50 எம்எம் போதும். பணம் இருந்தால் ட்ரைபாடைப் பாருங்கள். ஏரிக்கரைக் காற்றில் மேல்தலை நடுங்காமல், கேமராவை நெட்டுக்குத்தாகச் சாய்த்தாலும் மெல்லக் கீழே இறங்காமல் நிற்கிறதா என்று சோதியுங்கள். கேமராவோடு இலவசமாகக் கொடுத்த ட்ரைபாட் என்றால் அநேகமாக நிற்காது. நடுத்தண்டை உயர்த்தாமல், அதன் கொக்கியில் ஒரு தண்ணீர் பாட்டில் பையைத் தொங்கவிட்டு முதலில் எடுத்துப் பாருங்கள், அதற்குப் பிறகும் ஆடினால் மாற்றிக்கொள்ளலாம்.